சட்டகமும் பின்னலும்: உணவக நாற்காலியின் இரண்டு ஆயுள்கள்

வீட்டு நாற்காலி நான்கைந்து பேரின் உடலை மட்டுமே அறியும். உணவகத்திலோ விடுதியின் தாழ்வாரத்திலோ போடப்படும் நாற்காலி ஒரே நாளில் அதைவிடப் பலமடங்கு பேரைத் தாங்குவதோடு, தரையில் இழுபட்டு, ஈரத்துணியால் துடைக்கப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, இரவில் உள்ளே தூக்கிச் செல்லப்பட்டு, மறுநாள் காலையில் புதியதுபோல் வெளியே வந்து நிற்க வேண்டியிருக்கிறது. அப்படி உழைக்கும் நாற்காலி எல்லா இடத்திலும் ஒரே அளவில் தேய்வதில்லை. காலும் முதுகுச் சட்டமும் இரண்டு தலைமுறைக்கு நிற்கும். உட்காரும் பரப்போ சில ஆண்டுகளிலேயே தளரும். பின்னல் நாற்காலியின் சிறப்பு, இந்த உண்மையைத் தன் அமைப்பிலேயே ஏற்றுக்கொண்டிருப்பதில் அடங்கியிருக்கிறது. உருவத்தைத் தாங்கும் கட்டுமானமாகிய சட்டகம் நெடுநாள் வாழ்வதற்கென்றும், அதன்மேல் இழுத்துப் பின்னப்படும் நார்ப்பரப்பாகிய பின்னல் தேய்ந்தபின் மாற்றப்படுவதற்கென்றும் தொடக்கத்திலேயே பிரித்து வைக்கப்பட்டவை. ஒரு நாற்காலிக்கு இரண்டு ஆயுள் உண்டு என்னும் இந்தக் கருத்தே வியன்னாவின் காப்பிக்கடைகளிலிருந்து பாரிசின் நடைபாதைகள் வரை உணவக இருக்கைகளின் வரலாற்றை இணைக்கும் இழையாகும்.

இவ்வரலாற்றின் முதற்பொருள் பிரம்பு. தமிழில் இச்சொல் வாத்தியாரின் கையிலிருந்த கோலையே பலருக்கு நினைவூட்டினாலும், தாவரவியல் நோக்கில் அது பனைக்குடும்பத்தைச் சேர்ந்த ஏறுகொடியாகும். ஏறத்தாழ 600 இனங்களைக் கொண்ட இக்கொடிகள் வெப்பமண்டலக் காடுகளில், வளைந்த முட்களால் அயல்மரங்களைப் பற்றிக்கொண்டு ஏறுகின்றன. சில இனங்களின் தண்டு 100 மீட்டருக்கும் மேல் நீளும். மூங்கிலோடு பிரம்பைக் குழப்பிக்கொள்வது வழக்கம் என்றாலும், மூங்கில் உள்ளே வெற்றிடம் கொண்டது, பிரம்பு உள்ளே நிறைந்தது. அதனாலேயே அதனை ஆவியில் வாட்டி வேண்டியபடி வளைக்க முடிகிறது. ஒரே தண்டு இரண்டு வகையான பொருளைத் தருகிறது. மேலே உள்ள வழவழப்பான, சிலிக்கா நிறைந்த தோலை நீளவாட்டில் கீறி எடுத்தால் இருக்கை பின்னுவதற்கான நார் கிடைக்கும். உள்ளே எஞ்சும் நுண்துளை கொண்ட தண்டு கூடைக்கும் வளைவு வேலைப்பாட்டுக்கும் பயன்படும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பிரம்பு இயல்பாக வளர்வதுண்டு. உலகச் சந்தைக்கு வேண்டிய பெரும்பகுதி இந்தோனேசியக் காடுகளிலிருந்தே வருகிறது. மலாய்த் தீபகற்பத்திலும் சுமத்திராவிலும் கிடைக்கும் தடித்த மானான் பிரம்பு சட்டகத்துக்கும், மெல்லிய சேகா பிரம்பு நாருக்கும் பெயர் பெற்றவை.

கிழக்கிந்தியக் கம்பெனிகளின் கப்பல்கள் வழியே 17-ஆம் நூற்றாண்டில் பிரம்பு நார் ஐரோப்பாவை அடைந்தபோது, 1666-ஆம் ஆண்டின் பெருந்தீயில் வீடிழந்த லண்டன் நகரத்தார் புதிய தட்டுமுட்டுச் சாமான்களைத் தேடிக்கொண்டிருந்தனர். பிரம்பு நாற்காலிகள் விரைவில் பரவின. கம்பளித் துணியும் திணிப்பும் கொண்டு இருக்கை செய்தவர்களுக்கு இது பிழைப்புப் போட்டியாயிற்று. அந்நூற்றாண்டின் இறுதியில் பிரம்பு நாற்காலியைத் தடைசெய்ய வேண்டும் என்று அவர்கள் முயன்றபோது, பிரம்பு நாற்காலி செய்வோர் தங்கள் தரப்பில் முன்வைத்த வாதங்கள் மூன்று: அது உறுதியானது, எடை குறைந்தது, தூசியும் புழுவும் அந்துப்பூச்சியும் தங்காதது. பலர் வந்து போகும் இடத்தில் ஒரு நாற்காலிக்கு வேண்டியதையெல்லாம் இம்மூன்றும் ஏறக்குறையச் சொல்லிவிடுகின்றன. உணவகம் என்னும் அமைப்பு இன்றைய வடிவில் தோன்றுவதற்கு முன்பே அதற்குரிய நாற்காலியின் இலக்கணம் ஒரு தொழில் வழக்கில் எழுதப்பட்டுவிட்டது என்று கருத இடமுண்டு.

கையால் பின்னும் முறையைச் சற்று விரிவாகவே பார்ப்பது பொருந்தும். ஏனெனில் பின்னலின் வலிமை நாரில் மட்டும் இல்லை, அது இழுத்துக் கட்டப்படும் ஒழுங்கிலும் இருக்கிறது. இருக்கைச் சட்டத்தின் ஓரத்தைச் சுற்றிச் சீரான இடைவெளியில் துளைகள் இடப்படும். நீரில் ஊறவைத்து மென்மையாக்கிய நார், பளபளப்பான முகம் மேலே இருக்குமாறு, முதலில் முன்னிருந்து பின்னாகவும், பிறகு அதன்மேல் இடமிருந்து வலமாகவும் இழுக்கப்படும். மீண்டும் முன்பின்னாக ஒரு வரிசை போட்டபின், நான்காம் வரிசை இடவலமாகச் செல்லும்போதுதான் மேலும் கீழுமாகக் கோத்துச் செல்லும் உண்மையான நெசவு தொடங்குகிறது. பாவும் ஊடும் இப்படிப் பூட்டிக்கொண்ட பிறகு, இரண்டு மூலைவிட்டத் திசைகளிலும் நார் கோக்கப்படுவதால், சதுரக் கண்கள் எண்கோணக் கண்களாகின்றன. இறுதியாக ஓரத்துத் துளைகளை மறைத்து அகலமான நார் ஒன்று தைக்கப்படும். ஈரமாக இழுக்கப்பட்ட நார் காயும்போது சுருங்கி இறுகுகிறது. தவிலின் தோல்போல் அது விறைத்து நிற்பது அதனாலேயே. உட்காருபவரின் எடை ஏதோ ஒரு நாரின்மேல் விழாமல் நான்கு திசைகளிலும் பகிரப்படுகிறது; துளைகளின் வழியே காற்று ஊடாடுகிறது; கொட்டிய தண்ணீரோ காப்பியோ தேங்காமல் கீழே வடிந்துவிடுகிறது. தேர்ந்த கைக்கும் ஓர் இருக்கை ஏறத்தாழ ஒரு நாள் வேலை.

இந்தப் பின்னலை உணவக உலகத்தின் பொதுச்சொத்தாக்கியவர் மிக்கேல் தோனெட். ரைன் நதிக்கரை ஊரான பொப்பார்டில் 1796-இல் பிறந்த இந்தத் தச்சர், ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக்கின் ஊக்கத்தால் 1842-இல் வியன்னாவுக்குக் குடிபெயர்ந்தார். 1850-ஐ ஒட்டி அந்நகரின் டாவ்ம் காப்பிக்கடைக்கு அவர் செய்து கொடுத்த நாற்காலிகளும், அதையடுத்துப் பெஸ்ட் நகரில் இங்கிலாந்து அரசியின் பெயர் தாங்கிய விடுதி ஒன்று கேட்டுப் பெற்ற 400 நாற்காலிகளும், பொதுவிடங்களுக்கென்று மொத்தமாகச் செய்யப்படும் இருக்கைத் தொழிலின் தொடக்கங்களாக மதிக்கத்தக்கவை. வாங்கியவர்கள் அரண்மனைக்காரர்கள் அல்லர், காப்பிக்கடையும் விடுதியும் நடத்தியவர்கள் என்பது கவனிக்கத்தக்கது.

தோனெட்டின் கண்டுபிடிப்பு எளிமையான ஓர் உண்மையின்மேல் நின்றது. ஆவியில் நன்கு வாட்டிய மரத்தின் நார்கள் அமுங்குவதைப் பொறுத்துக்கொள்ளும். நீட்சியைப் பொறுக்காமல் வெளிவளைவில் பிளந்துவிடும். ஆகவே வளைக்கவேண்டிய பீச் மரக்கோலின் வெளிப்புறத்தில் ஓர் உலோகப் பட்டையை இறுக்கி இணைத்து, அப்பகுதி நீளாதபடி தடுத்துக்கொண்டு, கோல் முழுவதும் உட்பக்கமாக அமுங்குமாறு வளைத்து, இரும்பு அச்சில் பொருத்திக் காயவிட்டால், அந்த வளைவு நிலைபெறும். 1856-இல் இம்முறைக்குக் காப்புரிமை பெற்ற தோனெட், பீச் காடுகள் சூழ்ந்த மொராவியாவில் தொழிற்சாலையை அமைத்து, 1859-இல் 14-ஆம் எண் நாற்காலியை வெளியிட்டார். ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு மரைகள்: அந்நாற்காலியின் உறுப்புகள் இவ்வளவுதான். பிரித்த நிலையில் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கின. கப்பலில் ஏறி எந்தத் துறைமுகத்துக்கும் சென்று, போன இடத்தில் ஒரு திருப்புளியால் பூட்டப்பட்டன. 1930-க்குள் ஐந்து கோடி நாற்காலிகள் விற்றதாகக் கணக்கு. 1869-இல் காப்புரிமை காலாவதியானதும் பிறர் செய்த நாற்காலிகள் இதில் சேரா.

தோனெட்டைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் வளைந்த மரத்தைப் பற்றியே பேசுகின்றன. இருக்கை வளையத்தைப் பற்றி இரண்டொரு சொற்களோடு நிறுத்திக்கொள்கின்றன. இது நேர்மையான கணக்கு ஆகாது. 14-ஆம் எண் நாற்காலியின் இருக்கை, வட்டமான தனி மரவளையத்தின்மேல் பிரம்பு நார் கொண்டு கையால் பின்னப்பட்டது. ஆலையில் நீராவியும் இயந்திரமும் செய்த வேலைக்கு அருகில், இப்பின்னலைப் பெண்களின் விரல்கள் செய்தன. அவர்களில் பலர் வளையங்களை வீட்டுக்கு எடுத்துச் சென்று பின்னித் திருப்பிக் கொடுத்தனர். முதல் பெருந்தொழில் நாற்காலி என்று புகழப்படும் பொருளின் நடுவே, இயந்திரம் தொடாத ஒரு வட்டம் இருந்தது. அந்த வட்டமே மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டதும் ஆகும்: காப்பிக்கடைக்காரர் திருகாணியைக் கழற்றி, தளர்ந்த வளையத்தைப் பின்னுபவரிடம் கொடுத்து வாங்கிக்கொள்ள, சட்டகம் அங்கேயே இருந்தது.

இதே முறையின் இன்னொரு கிளை இத்தாலியில் உண்டு. லிகூரியக் கடற்கரையின் கியாவரி நகரில் 1807-இல் கெய்தானோ தெஸ்கால்சி உருவாக்கிய மெல்லிய நாற்காலியின் இருக்கையும் பின்னலே. இன்று தமிழகத்துத் திருமண மண்டபங்களிலும் விடுதி வரவேற்புக் கூடங்களிலும் பொன்வண்ணம் பூசி வரிசையாக நிற்கும் விருந்து நாற்காலிகள் அதன் வழிவந்தவை. அவற்றில் பின்னல் இல்லை. வெண்ணிற மெத்தை வைத்துக் கட்டப்பட்டிருக்கிறது. உருவம் பயணம் செய்து, பின்னல் வழியில் தங்கிவிட்டது.

பாரிசில் கதை வேறுவிதமாக விரிந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் நகர நிர்வாகி ஓஸ்மான் அந்நகரின் குறுகிய தெருக்களை இடித்து அகன்ற சாலைகளையும் அகன்ற நடைபாதைகளையும் அமைத்தபின், காப்பிக்கடைகள் வாசலுக்கு வெளியே மேசைகளைப் பரப்பத் தொடங்கின. கடையின் வெளிமுற்றமாகிய இந்த நடைபாதைப் பகுதியில் நாற்காலிகள் ஒன்றையொன்று பாராமல், தெருவை நோக்கித் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும்; தெருவே காட்சி, வாடிக்கையாளரே பார்வையாளர். இங்கே வேண்டிய நாற்காலி சிறியதாக, குறுகிய இடத்தில் நகர்த்தத்தக்கதாக, இரவுதோறும் உள்ளே எடுக்கும் பணியாளின் முதுகை முறிக்காததாக, மழைத்தூறலைத் தாங்குவதாக இருக்க வேண்டும். இரும்பு இவற்றில் சிலவற்றைச் செய்யும். பிரம்பு எல்லாவற்றையும் செய்தது.

1885-இல் தொடங்கிய துருக்கேர் பட்டறையும், 1920-இல் தொடங்கிய காத்தி என்னும் பட்டறையும் இவ்வகை நாற்காலிகளை இன்றும் செய்துவருகின்றன. இங்கே சட்டகமும் பிரம்பே: தடித்த தண்டுகள் ஆவியில் வாட்டப்பட்டு, அச்சைச் சுற்றி வளைக்கப்பட்டு, மூட்டுகளில் நார் சுற்றிக் கட்டப்படுகின்றன. அதன்மேல் வரும் பின்னல், தோனெட்டின் வெளிர்ப் பழுப்பு எண்கோணக் கண்களிலிருந்து முற்றிலும் மாறுபட்டது. வண்ண இழைகளைப் பாவாகவும் ஊடாகவும் கொண்டு கட்டம், சாய்சதுரம், புள்ளி, அம்புமுனை என நெருக்கமாக நெய்யப்படும் இப்பின்னல், கடையின் அடையாளமாகவே ஆகிவிட்டது. சான் செர்மேன் சாலையில் அருகருகே உள்ள ஃப்ளோர், தே மாகோ ஆகிய புகழ்பெற்ற காப்பிக்கடைகளின் வெளிமுற்றங்களிலும் இவ்வகைப் பின்னல் நாற்காலிகளே போடப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு கடையும் தனக்கென நிறத்தையும் கோலத்தையும் தேர்ந்துகொள்வதால், ஒரு கடையின் எல்லை எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதை நாற்காலிகளே நடைபாதையில் வரைந்து காட்டுகின்றன. தமிழ்நாட்டுச் சேலையின் கரையைப் பார்த்து ஊரைச் சொல்லும் கண்ணுக்கு இது அந்நியமானதன்று.

அந்த வண்ண இழையின் பிறப்பு தனியே சொல்லத்தக்கது. இயற்கை நார் சாயத்தை உறுதியாகப் பிடிப்பதில்லை. வெயிலும் மழையும் மாறிமாறிப் பட்டால் வெடிக்கும். இரண்டாம் உலகப் போரையொட்டிப் பிரான்சில் உருவான ரில்சான் என்னும் இழை இக்குறைகளைத் தீர்த்தது. நைலானின் உறவான இப்பொருள் ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்யப்படுகிறது. உலகின் ஆமணக்கு விளைச்சலில் பெரும்பங்கு இந்தியாவில், அதிலும் குஜராத்தில் கிடைப்பது. ஆசியக் காட்டின் பிரம்பும் ஆமணக்கு விதையின் எண்ணெயும் பாரிசின் பட்டறையில் சந்தித்து, பாரிசுக்கே உரிய பொருளாக உலகத்தாரால் அறியப்படுகின்றன. அதில் பிழை ஒன்றும் இல்லை. கைவினையின் ஊர் அதன் மூலப்பொருளின் ஊராகவே இருக்கவேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இருந்ததில்லை. ஆனாலும் காட்டையும் வயலையும் மறந்துவிட்டு நாற்காலியை மட்டும் புகழ்வது அரைகுறை அறிவாகவே இருக்கும்.

அமெரிக்காவில் பின்னல் தறிக்குப் போயிற்று. பாஸ்டன் துறைமுகத்தில் சரக்கு அசையாமலிருக்கக் கப்பலில் அடைத்துவந்து பின் எறியப்பட்ட பிரம்புக் கட்டுகளைக் கண்டு, அவற்றை விலைகொடுத்து வாங்கி வணிகம் தொடங்கிய சைரஸ் வேக்ஃபீல்டின் நிறுவனம், 1870-களில் பிரம்பு நாரை இயந்திரத்தில் நெய்து சுருளாக விற்கும் முறையைக் கண்டது. இரயில் பெட்டிகளின் இருக்கைகளுக்கு அது உதவிற்று. அச்சுருளை வெட்டி, இருக்கையின் பள்ளத்தில் அழுத்திப் பசையிட்டு, ஆப்பு அடித்துப் பொருத்தினால் வேலை முடிந்தது. 1917-இல் மார்ஷல் பர்ன்ஸ் லாயிட் இதற்கும் ஒருபடி மேலே சென்றார். மிச்சிகன் மாநிலத்து மெனோமினியில் பிரம்பில் குழந்தைவண்டிகள் செய்துகொண்டிருந்த அவர், உறுதியான பழுப்புத் தாளை முறுக்கிக் கயிறாக்கி, நெடுக்கு இழைகளுக்குள் மட்டும் எஃகுக் கம்பியை நுழைத்து, தட்டையான துணிபோலத் தறியில் நெய்து, பிறகு அதை வளைந்த மரச்சட்டத்தின்மேல் போர்த்தி ஆணியடிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பின்னலையும் சட்டகத்தையும் தனித்தனியே செய்து கடைசியில் சேர்ப்பது அவருடைய கருத்து. தாளுக்குச் சிலும்பு இல்லை. உட்காருபவரின் ஆடையில் மாட்டாது. லண்டனின் லஸ்டி குடும்பத்தார் 1920-களின் தொடக்கத்தில் இம்முறையின் பிரிட்டிஷ் உரிமையைப் பெற்றபின், தேநீர்க்கூடங்கள், விடுதிகள், பயணிகள் கப்பல்கள் என எங்கும் லாயிட் தறி நாற்காலிகள் பரவின. 1940-க்குள் அட்லாண்டிக்கின் இரு கரையிலுமாக ஒரு கோடிக்கும் மேற்பட்ட பொருள்கள் இம்முறையில் உருவாயின. 1940 செப்டம்பரில் லண்டன்மேல் விழுந்த குண்டுகள் லஸ்டியின் ஆலையை அழித்தன. தாளால் ஆன நாற்காலி என்று கேட்டவுடன் நம்பிக்கை பிறப்பதில்லை என்றாலும், நூறாண்டைத் தொடும் லாயிட் தறி நாற்காலிகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. ஆயினும் ஒரு வேறுபாட்டை மறைக்கலாகாது: எண்கோணப் பின்னலை எந்த ஊர்ப் பின்னல்காரரும் புதுப்பிப்பார், தறித்துணி கிழிந்தால் அதே தறியைத் தேடிப் போகவேண்டும்.

வெப்பநாடுகளின் விடுதிகளில் பின்னல் அழகுக்காக மட்டும் வந்ததன்று. 1864-இல் தொடங்கிய கொழும்பின் கால்பேஸ் விடுதி, 1887-இல் தொடங்கிய சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் போன்றவை மின்விசிறி பரவுவதற்கு முந்திய காலத்தவை. வியர்வை படிந்த முதுகுக்குத் துணித்திணிப்பு தண்டனையாக இருக்க, பிரம்புப் பின்னல் முதுகுக்கும் காற்றுக்கும் இடையே ஒரு சல்லடையாக நின்றது. தேயிலைத் தோட்டத் துரைமாரின் பங்களாக்களில் கிடந்த, கால்நீட்டிக்கொள்ள நீண்ட கைப்பிடி கொண்ட சாய்வு நாற்காலியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. தமிழ்நாட்டில் சிதம்பரத்துக்கும் சீர்காழிக்கும் இடையே, கொள்ளிடத்தை அடுத்த தைக்கால் என்னும் ஊரில் சாலையோரம் நெடுகப் பிரம்பு வேலை நடைபெறுவதைப் பயணிகள் அறிவர். ஊஞ்சலும் சோபாவும் தொட்டிலும் அங்கே உருவாகின்றன. இத்தகைய ஊர்கள் இருக்க, விடுதி கட்டுவோர் பின்னல் இருக்கையைக் கடல்கடந்து வரவழைத்து, அது தளர்ந்தவுடன் குப்பையில் சேர்ப்பது வருந்தத்தக்கது.

இன்று வெளிமுற்றங்களில் காணப்படும் பின்னல் நாற்காலிகளில் மிகப்பல, அலுமினியச் சட்டத்தின்மேல் பாலிஎத்திலீன் இழை சுற்றியவை. 1990-இல் ஜெர்மனியில் தொடங்கிய டெடோன் நிறுவனம் பிலிப்பைன்சின் செபு தீவுப் பின்னல்காரர்களைக் கொண்டு இவ்வகையை உயர்தர விடுதிகளுக்கு அறிமுகப்படுத்தியது. வெயிலையும் கடற்காற்றையும் தாங்குவதில் இவ்விழை பிரம்பை வென்றது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். இழை செயற்கையானாலும் பின்னுவது கையே. பல திசைகளில் வளையும் சட்டகத்தின்மேல் இழுவிசை குன்றாமல் இழையைச் செலுத்தும் வேலை இன்றும் மனித விரல்களிடமே இருக்கிறது. கண்டிக்கத்தக்கது வேறொன்று: பின்னலைப்போல் தோற்றமளிக்குமாறு அச்சில் வார்த்த பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஓரிடம் உடைந்தால் முழுவதும் உடைந்தது. கோலம் இருக்கிறது, கோலத்தின் காரணம் இல்லை.

பிரம்பின் எதிர்காலம் காட்டையும் கையையும் ஒருங்கே சார்ந்தது. இந்தோனேசியா 2012 தொடக்கம் முதல் பதப்படுத்தாத பிரம்பின் ஏற்றுமதியை நிறுத்தியது. சிரெபோன் போன்ற உள்நாட்டு மையங்களில் நாற்காலிகளாகவே உருவாகட்டும் என்பது நோக்கம். அயல்நாட்டுப் பட்டறைகள் தட்டுப்பாட்டை உணர்ந்தன. காட்டில் பிரம்பு வெட்டுவோரோ, வாங்குவோர் குறைந்ததால் விலை குறைவதைக் கண்டனர். பிரம்பு பற்றிப்படர மரம் வேண்டும் என்பதால், பிரம்பு விலைபோகும் வரை மரம் நிற்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது; விலை வீழ்ந்த இடத்தில் அந்தக் காரணமும் வலுவிழக்கிறது.

எனவே ஒரு விடுதியோ உணவகமோ பின்னல் நாற்காலிகளை வாங்கும்போது, விலைப்பட்டியலோடு மறுபின்னல் ஏற்பாட்டையும் எழுதிக்கொள்வது முறை: இருக்கை வளையம் கழலுமா, இழை தனியே கிடைக்குமா, பின்னுபவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார் என்பவை அதில் இடம்பெற வேண்டும். குளிரூட்டிய கூடங்களின் வறண்ட காற்றில் இயற்கைப் பிரம்பு நார் நொறுங்குந்தன்மை அடைவதால், அவ்வப்போது அதற்கு ஈரம் காட்டவேண்டும். நார் அறாமல் தொய்வு மட்டும் கண்ட இருக்கையை இரவில் கவிழ்த்துவைத்து, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை அடிப்பக்கத்தில் பரப்பி, நன்றாக ஊறியபின் துணியை எடுத்துவிட்டுக் காயவிடுவது பழைய வழக்கம். முதன்முதலாகப் பின்னியபோது நடந்ததே மீண்டும் நடக்கிறது: நார் ஈரத்தில் தளர்ந்து, காய்கையில் சுருங்கி, காலையில் கடை திறக்கும்போது விரலால் தட்டினால் ஓசை எழும் அளவுக்கு விறைத்திருக்கிறது.